அடிக்கிற பருந்தும் எழுந்து போற பருந்தும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதியது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

 

போன தை மாசம் நான் ஒரு வீடியோ போட்டிருந்தேன். ஒரு பருந்து என் டிரோனை அடிச்சுக் கீழ தள்ளுற வீடியோ. மொத்தமே பதினோரு செகண்டுதான். ஆனா நான் இதுவரைக்கும் போட்டதுலயே அதிகம் பேர் பாத்தது அதுதான். "மதுரைப் பருந்துடா, சும்மா விடுமா"ன்னு கமெண்ட்ல ஒரே கொண்டாட்டம்.

இப்போ அந்த வீடியோ இல்ல. யாராவது ரிப்போர்ட் பண்ணாங்களா, காப்பிரைட் பிரச்சனையான்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

அன்னைக்கு மொட்டை மாடியில

எங்க வீடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம். மொட்டை மாடியில நின்னா ஒரு பக்கம் தேனி பஸ், கொடைக்கானல் பஸ் எல்லாம் ஹாரன் அடிச்சுக் கிளம்புற சத்தம் கேக்கும். இன்னொரு பக்கம் வைகை. ஆத்துக்கு அந்தக் கரையில செல்லூர்.

பொங்கல் லீவு. காலைல ஏழரை மணி, பனி விலகுற நேரம். எனக்கு மனசுக்குள்ள ஒரு ஷாட் ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆரம்பிச்சு, வீட்டுக் கூரைங்க மேல போயி, ஆத்தைத் தாண்டி செல்லூர்ல முடியணும். ஒரே டேக்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். அன்னைக்கு நான் வரைபடம் பாக்கல. இது எந்த மண்டலம், எவ்வளவு உயரம் போகலாம், ஜனங்க நிக்கிற இடத்துக்கு மேல பறக்க விடலாமா, எதையும் பாக்கல. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின குட்டி டிரோன், 250 கிராமுக்குள்ள. இதை யாரு கேக்கப் போறாங்கன்னு ஒரு நெனப்பு.

மேல ஏத்தினேன். அறுபது மீட்டர் இருக்கும். திரையில ஒரு பருந்து குறுக்க போச்சு. அடடா, செம ஷாட்டுன்னு செல்லூரை மறந்துட்டு அது பின்னாடியே விட்டேன். அது ஒரு வட்டம் போட்டுச்சு. நானும் சேந்து ஒரு வட்டம். அது நடுங்குற விசில் மாதிரி கத்துச்சு. அந்தச் சத்தம் கீழ இருக்கிற எனக்கே கேட்டுச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? "நம்மகூட விளையாடுது"ன்னு தோணுச்சு.

இன்னொரு பருந்து மேல இருந்து வந்ததை நான் பாக்கவே இல்ல. திரையில திடீர்னு நகம், அப்புறம் வானம், கூரை, வானம், கூரை. அவ்வளவுதான்.

டிரோன் விழுந்தது ரெண்டு தெரு தள்ளி ஒரு கறிக்கடையோட தகரக் கூரை மேல. மூச்சு வாங்க ஓடிப்போய் நின்னேன். கடைக்கார அண்ணன் அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தார்.

"உன்னோடதா தம்பி?"

"ஆமாண்ணே. பிராந்து அடிச்சிருச்சுண்ணே."

"அடிக்காம என்ன செய்யும்? அந்தா அந்தத் தென்னை உச்சியைப் பாரு. இருபது நாளா அது அங்க அடை கெடக்கு. நீ அது வீட்டு வாசல்ல மிஷினை விட்டுட்டு, அடிச்சிருச்சுங்கிற."

அந்த அண்ணன் தினமும் கடை எடுத்துவைக்கும்போது கோழிக் கழிவை மேல வீசுவார். பருந்துங்க அதைக் கீழ விழ விடாம கால்ல பிடிச்சிட்டுப் போகும். எந்தப் பருந்து எந்த மரத்துல இருக்குங்கிறது அவருக்கு அத்துப்படி.

நான் உடைஞ்ச டிரோனை வாங்கிக்கிட்டு, வீடியோ பதிவாகியிருக்கான்னு அங்கேயே நின்னு போன்ல பாத்தேன். பதிவாகியிருந்துச்சு. சந்தோஷம் தாங்கல, அவர்கிட்டயே காட்டினேன். அவர் முழுசாப் பாத்துட்டு அமைதியா ஒண்ணு கேட்டார்.

"இது ரெண்டும் உன் மிஷினை விரட்டிக்கிட்டுக் கெடந்தப்ப, அங்க ரெண்டு காக்கா கூட்டுக்குள்ள எறங்குச்சு. அதை எடுத்தியா?"

எடுக்கல. என் கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

அஞ்சாறு நாள் கழிச்சு அந்தப் பக்கம் போனேன். தென்னை உச்சியில கூடு இருந்துச்சு, பருந்து இல்ல. அண்ணன் என்னைத் திட்டல. "போயிருச்சுப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கறி வெட்டிக்கிட்டு இருந்தார். காக்காதான் காரணமா, நான்தான் காரணமா, வேற ஏதாவதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா வீட்டுக்கு வந்து டிரோனைக் கழட்டினப்போ, புரொப்பெல்லர் சுத்துற இடத்துல ஒரு பழுப்பு இறகு சிக்கியிருந்துச்சு. நடுத்தண்டோட அறுந்திருந்துச்சு. வீடியோவை அன்னைக்குத்தான் எடுத்தேன்.

பருந்து ஏன் அடிக்குது?

இதுக்கப்புறம்தான் நான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

நம்ம ஊர்ல சும்மா "பருந்து"ன்னு சொல்றது பெரும்பாலும் கரும்பருந்து. இறக்கையை விரிச்சா சுமார் ஒன்றரை மீட்டர். ஆனா எடை முக்கால் கிலோ அளவுதான் இருக்கும். ரெண்டு மூணு முட்டை போடும். ஏறத்தாழ ஒரு மாசம் அடை காக்கணும். குஞ்சு வெளிய வந்தா, அது பறக்குறதுக்கு இன்னும் ஒன்றரை மாசம். அந்த ரெண்டரை மாசமும் அந்தத் தென்னை உச்சிக்கு மேல இருக்கிற வானம் அதோட வீட்டு முற்றம் மாதிரி. அங்க வேற பருந்து வந்தாலும் விரட்டும், காக்கா வந்தாலும் விரட்டும்.

இப்போ டிரோனை அதோட கண்ணால பாருங்க. ஒரு தட்டு அகலத்துக்கு ஏதோ ஒண்ணு வருது. இறக்கை அடிக்கல, ஆனா விழவும் இல்ல. அந்தரத்துல அப்படியே நின்னு கூட்டைப் பாக்குது. பறவை உலகத்துல அந்தரத்துல நின்னு கீழ உத்துப் பாக்குற எதுவும் நல்ல எண்ணத்துல வர்றதில்ல. ஒண்ணு வேட்டையாட வந்திருக்கும், இல்லன்னா முட்டை திருட வந்திருக்கும்.

டில்லியில கரும்பருந்துங்களைப் பத்தி ஒரு ஆய்வு 2018-ல வெளியாச்சு. கூட்டுப் பக்கம் வர்ற மனுஷங்களையே சில பருந்துங்க தாக்குது, எது தாக்குது, ஏன் தாக்குதுன்னு பாத்திருக்காங்க. குப்பையும், மக்கள் வேண்டுதலுக்காக வீசுற கறியும் அதிகமா கிடைக்கிற பகுதியில இருக்கிற பருந்துங்கதான் கூடுதல் தைரியமா தாக்குதாம். மனுஷனைப் பாத்துப் பாத்து பயம் விட்டுப்போச்சு. எங்க தெரு கறிக்கடைப் பருந்து ஏன் என் டிரோனைப் பாத்துப் பின்வாங்கலங்கிறது எனக்கு அப்போதான் புரிஞ்சது.

அடிக்கிறது நமக்குப் பிடிக்குது

பறவை டிரோனை அடிக்கிற வீடியோவை நாம ஏன் திரும்பத் திரும்பப் பாக்குறோம்? இயற்கை ஜெயிச்ச மாதிரி இருக்கு, அதனாலதான்.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஒரு கதை உண்டு. 2020 ஜூலை. அரசோட சுற்றுச்சூழல் துறை ஆள் ஒருத்தர் ஏரிக்கரை அரிப்பை அளக்க டிரோன் விட்டிருக்கார். ஒரு வெண்தலைக் கழுகு வந்து ஒரு புரொப்பெல்லரைப் பிடுங்கி எறிஞ்சிருச்சு. டிரோன் ஏரிக்குள்ள. மூன்றரை செகண்டுல 27 எச்சரிக்கைச் செய்தி அனுப்பிட்டுத்தான் அது விழுந்துச்சு. 950 டாலர் போச்சு. கழுகு ஒண்ணும் ஆகாமப் பறந்து போயிருச்சு. உலகமே சிரிச்சது.

இந்தக் கோபத்தை வேலைக்கு எடுக்கவும் மனுஷன் முயற்சி பண்ணிட்டான். நெதர்லாந்து போலீஸ் 2016-ல டிரோன் பிடிக்கக் கழுகுங்களைப் பழக்கினாங்க. அடுத்த வருஷக் கடைசியிலயே நிறுத்திட்டாங்க. செலவு அதிகம், அதோட பயிற்சியில செஞ்சதைக் கழுகு களத்துல எப்பவும் செய்யல. நம்ம ராணுவம் 2022 நவம்பர்ல உத்தராகண்ட் ஔலியில நடந்த இந்தியா–அமெரிக்கா கூட்டுப் பயிற்சியில 'அர்ஜுன்'னு ஒரு பருந்தைக் காட்டினாங்க. அதுவும் டிரோன் பிடிக்கப் பழக்கினதுதான். தெலங்கானா போலீஸ்ல 'கருடா ஸ்குவாட்'னே ஒரு பிரிவு இருக்கு.

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு. ஆனா புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுத்துது. நகத்தால அடிக்கிற பறவைக்கு விரல் போகலாம், இறகு போகலாம். இறகு நடுவுல ஒடிஞ்சா நம்ம நகம் மாதிரி அடியில இருந்து வளந்து வராது. அடுத்து இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற வரைக்கும் ஒடிஞ்ச இறகோடதான் அது பறக்கணும், அதோடதான் இரை தேடணும். வீடியோவுல பருந்து ஜெயிச்சுப் பறந்து போறது மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் எங்க போய் உக்காந்துச்சு, எப்படி உக்காந்துச்சுன்னு யாரும் எடுக்கறதில்ல.

சத்தமில்லாம எழுந்து போறவை

எனக்கு இப்போ இதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. அடிக்கிற பறவைங்க கொஞ்சம்தான். பெரும்பாலான பறவைங்க அடிக்காது, எழுந்து போயிரும்.

2021 மே மாசம். கலிஃபோர்னியாவுல போல்சா சிக்கான்னு ஒரு பறவைக் காப்பகம். அங்க ஒரு திட்டு மேல ஆயிரக்கணக்குல ஆலாங்க முட்டை போட்டு அடை காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆலான்னா நம்ம கடற்கரையிலயும் பாக்குற, நீளமான இறக்கை உள்ள வெள்ளைப் பறவை. அந்தத் திட்டுல யாரோ விட்ட ஒரு டிரோன் விழுந்துச்சு. ஒரு பறவைமேல கூட அது மோதல. ஆனா மொத்தக் கூட்டமும் எழுந்து போயிருச்சு. திரும்பி வரவே இல்ல. மணல்ல சுமார் 1,500 முட்டை அப்படியே கிடந்துச்சு. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க. பருந்து அடிக்கிற வீடியோ மாதிரி விறுவிறுப்பா ஒண்ணும் இருக்காது. வெறும் மணல், வெறும் முட்டை.

அப்போ எல்லாப் பறவையும் டிரோனைக் கண்டா ஓடிருமா? அதுவும் இல்ல. பிரான்ஸ்ல 2015-ல வெளியான ஒரு ஆய்வு. வாத்து, பூநாரை, பச்சைக்கால் உள்ளான்னு மூணு வகைப் பறவைங்க பக்கத்துல 204 தடவை டிரோனை விட்டுப் பாத்திருக்காங்க. இதுல பூநாரையும் பச்சைக்கால் உள்ளானும் நம்ம தமிழ்நாட்டுக்கும் குளிர்காலத்துல வர்ற விருந்தாளிங்கதான். நூத்துக்கு எண்பது தடவை, நாலு மீட்டர் கிட்டப் போனப்பவும் அந்தப் பறவைங்ககிட்ட வெளிய தெரியற மாற்றம் இல்ல. டிரோன் என்ன நிறம், எவ்வளவு வேகம்ங்கிறதும் பெருசா பாதிக்கல. ஒண்ணே ஒண்ணுதான் பாதிச்சது. நேர் மேல இருந்து செங்குத்தா இறங்கினா பறவைங்க கலைஞ்சு போச்சு. காரணம் யோசிச்சா புரியும். வல்லூறும் அப்படித்தானே மேல இருந்து இறங்கும்?

இதைக் கேட்டதும் "அப்ப மெதுவா பக்கவாட்டுல போனா பிரச்சனை இல்ல"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அதே 2015-ல அமெரிக்காவுல காட்டுக் கரடிங்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. கரடி உடம்புல இதயத்துடிப்பு அளக்குற கருவி வச்சுட்டு மேல டிரோன் விட்டாங்க. பெரும்பாலும் கரடி அசையல, ஓடல. பாக்குறவனுக்கு அது சாதாரணமா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா உள்ள இதயம் எகிறுது. ஒரு கரடிக்கு நிமிஷத்துக்கு 123 துடிப்பு கூடியிருக்கு.

கரடியும் பறவையும் ஒண்ணு இல்ல, சரிதான். ஆனா "அது அசையல, அதனால அதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு நம்மளே முடிவு பண்றது எவ்வளவு தப்பாப் போகலாம்னு இது காட்டுது. முட்டை மேல உக்காந்திருக்கிற பறவை அசையாம இருக்குன்னா, பயம் இல்லாம இருக்கலாம். பயந்தும் முட்டையை விட்டுப் போக மனசில்லாம இருக்கலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நம்ம ஊர் சீசன்

சரி, மதுரைக்கு வருவோம். இங்க டிரோன் விடுறவங்களுக்கு நல்ல சீசன் எது? ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு கண்மாய் நிறைஞ்சு கிடக்கும். வயலெல்லாம் பச்சை. மார்கழிப் பனி. தை, மாசியில முகூர்த்தம். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னு வச்சுக்கோங்க.

நம்ம பக்கத்து வேட்டைப் பறவைங்க கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதும் பெரும்பாலும் அதே மாசங்கள்தான். கண்மாய்ங்கள்ல வெளியூர்ப் பறவைங்க வந்து தங்குறதும் அப்போதான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே வானத்தைக் கேக்குறோம்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கோங்க. மேலூர் பக்கம், மதுரையில இருந்து பைக்ல போற தூரம். 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்ச இடம். சுமார் 193 ஹெக்டேர். ஏறத்தாழ 250 வகைப் பறவைங்க அங்க பதிவாகியிருக்கு. அதுல முக்கியமா மூணைச் சொல்லுவாங்க: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லி கழுகு. மூணும் பாறை முகட்டை நம்பி வாழ்ற வேட்டைப் பறவைங்க. நாம டிரோனைக் கொண்டு போய் "ரிவீல் ஷாட்" எடுக்குறோமே, பாறைக்குப் பின்னாடி இருந்து மெல்ல ஏறி ஊரைக் காட்டுறது, அது நடக்குறதும் அதே பாறை முகட்டுலதான்.

இதுல நான் டிரோனை மட்டும் வில்லனாக்க மாட்டேன். 2024 கடைசியில அங்க டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு ஊர் ஊரா மக்கள் எழுந்தாங்க. 2025 ஜனவரியில ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்த மலை எப்படி இருக்கும்னு நான் முதல்ல பாத்ததே யாரோ எடுத்த டிரோன் வீடியோவுலதான். "இதையா வெட்டப் போறாங்க?"ன்னு எனக்குக் கோவம் வந்ததும் அதைப் பாத்துத்தான். டிரோன் காட்டினதாலதான் எனக்கு அந்த மலை பிடிச்சது. பிடிச்சதாலயே டிரோனைத் தூக்கிட்டு அங்க போகணும்னு தோணுச்சு. சிக்கலே இங்கதான் இருக்கு.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? கும்பாபிஷேகம்னா கலசத்துல தண்ணி ஊத்துற நேரத்துல எல்லாரும் கழுத்து வலிக்க மேல பாப்போம். கோபுரத்துக்கு மேல கருடன் வட்டமிடணும். செம்பருந்து ஒண்ணு வந்துட்டா "கருடன் வந்துட்டார்"னு கன்னத்துல போட்டுக்குவோம். இப்போ பல ஊர்ல அதே நேரத்துல அதே கோபுரத்துக்கு மேல டிரோன் நின்னு புனித நீர் தெளிக்குது. கருடன் வரணும்னு வேண்டிக்கிட்டு, அவர் வர்ற வழியில மிஷினை நிறுத்தி வச்சிருக்கோம். (சிரிப்பு)

சட்டம் என்ன சொல்லுது?

சுருக்கமாச் சொல்றேன். டிரோன் விதிகள் 2021 ஆகஸ்ட்ல வந்துச்சு. 250 கிராம் வரைக்கும் இருக்கிறது 'நானோ'. அதைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனா எங்க வேணா விடலாம்னு அர்த்தம் இல்ல. 'டிஜிட்டல் ஸ்கை' தளத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மண்டல வரைபடம் இருக்கு. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் போகலாம். விமான நிலையச் சுவர்ல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துல இருந்தா 200 அடிதான். மதுரையில பாதிப் பேர் இந்தக் கணக்கைக் கட்டாயம் பாக்கணும். நான் அன்னைக்குப் பாக்காம விட்டது இதைத்தான்.

இந்த விதிகள்ல, மனுஷங்க போற விமானத்துக்கு டிரோன் வழி விடணும்னு இருக்கு. பறவை விஷயத்துக்கு வேற சட்டத்தைப் பாக்கணும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972. அதுல 'வேட்டை'ன்னா என்னன்னு பிரிவு 2(16) வரையறை சொல்லுது. கொல்றது, பிடிக்கிறதுன்னு வரிசையாப் போகுது. கடைசியில, பறவைகளோட முட்டையைச் சேதப்படுத்துறது, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றது, அதுவும் வேட்டைன்னு இருக்கு.

நான் அதைப் படிச்சப்போ ராத்திரி பதினோரு மணி. துப்பாக்கி, கண்ணி, கவண், இதெல்லாம்தான் வேட்டைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன் நான். மொட்டை மாடியில காபி டம்ளரோட நின்னுக்கிட்டு வேட்டையாட முடியும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கொள்ளுக்குடிப்பட்டி தீபாவளி

"அப்போ டிரோனே விடக்கூடாதுங்கிறியா?"ன்னு என் நண்பன் ஒருத்தன் கேட்டான். கல்யாண வீடியோ எடுக்குறவன். "மாப்ள, தையும் மாசியும்தான் எனக்கு நாலு காசு. மண்டபத்தை மேல இருந்து காட்டலன்னா பார்ட்டி பணத்துல கை வைக்கிறாய்ங்க. உனக்கு ரீல்ஸ், எனக்கு வீட்டு வாடகை"ன்னான். அவன் கேட்டது நியாயம்தான். அதுக்கு நான் பதில் சொல்லல, ஒரு ஊரைப் பத்திச் சொன்னேன்.

மதுரையில இருந்து திருப்பத்தூர் போற வழியில சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு. 1977-ல அறிவிச்சாங்க. மூணு கண்மாய், மொத்தமே 38 ஹெக்டேர்தான். மழைக்கு அப்புறம் வெளியூர்ல இருந்தெல்லாம் பறவைங்க வந்து அங்க கூடு கட்டும். கண்மாயைச் சுத்தி இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்து வருஷமா தீபாவளிக்கு வெடி போடறதில்ல. வனத்துறை வருஷா வருஷம் இனிப்பு கொடுத்து நன்றி சொல்றாங்க. இது பேப்பர்லயும் டிவியிலயும் நீங்க பாத்திருப்பீங்க.

நான் இதை எப்பவும் ஒரு தீபாவளிச் செய்தியா மட்டும்தான் படிச்சிருக்கேன். இப்போதான் வேற மாதிரி படுது. ஒரு சின்னப் பையன்கிட்ட "மத்த ஊர்ல எல்லாம் வெடிப்பாங்க, நீ மட்டும் வெடிக்காத"ன்னு சொல்லி அவனைச் சம்மதிக்க வைக்கிறது லேசுப்பட்ட விஷயமா? அந்தப் பையன் வளந்து, தன் பிள்ளைகிட்டயும் அதையே சொல்லியிருக்கான். வெடி வெடிச்சா பறவை வந்து யாரையும் கொத்தாது. எழுந்து போகும், அவ்வளவுதான். எழுந்து போறதே நஷ்டம்னு அந்த மக்களுக்கு எந்த ஆய்வும் படிக்காமலே தெரிஞ்சிருக்கு.

அவங்க தீபாவளியையே நிறுத்திடல. வெடியை மட்டும்தான் விட்டாங்க. நண்பன் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் போன் பண்ணான். "மாப்ள, நேத்து மண்டபத்துல வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், பக்கத்துல எங்கயாவது பருந்துக் கூடு இருக்காண்ணேன்னு. பின்னாடி வேப்ப மரத்துல இருக்குன்னார். முன்பக்கம் ரோட்டுப் பக்கமா மட்டும் எடுத்துட்டு இறக்கிட்டேன். பார்ட்டி ஒண்ணும் கேக்கல"ன்னான்.

இப்போ நான் என்ன பண்றேன்?

டிரோனைச் சரி பண்ணிட்டேன். பறக்க விடுறேன், மறைக்கல. ஆனா சில விஷயத்தை மாத்திக்கிட்டேன்.

மேல ஏத்துறதுக்கு முன்னாடி வரைபடம் பாப்பேன். அப்புறம் பத்து நிமிஷம் வெறும் கண்ணால வானத்தையும் மர உச்சியையும் செல்போன் டவரையும் பாப்பேன். ஒரே பருந்து ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தா, வாயில குச்சி, கால்ல இரைன்னு எதையாவது கொண்டு வந்தா, அங்க கூடு இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு அந்த இடத்துல டிரோன் இல்ல. பக்கத்து டீக்கடையில கேட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும்.

பறவைங்க இருக்கிற இடத்துல இருந்து குறைஞ்சது நூறு மீட்டர் தள்ளி நின்னுதான் டிரோனை ஏத்தணும்னு அந்தப் பிரான்ஸ் ஆய்வு பண்ணவங்களே சொல்றாங்க. பறவைக்கு நேர் மேல போய் இறங்கக்கூடாது. அதை நான் கண்டிப்பா பின்பத்துறேன். கண்மாய்ல பறவைக் கூட்டம் உக்காந்திருந்தா பெட்டியைத் திறக்கறதே இல்ல. சரணாலயம்னா வனத்துறை அனுமதி இல்லாம பேச்சுக்கே இடம் இல்ல.

பறவை தலையைத் தூக்கிப் பாத்துச்சுன்னா, கத்துச்சுன்னா, டிரோனைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுச்சுன்னா, அது நமக்குக் கொடுக்குற நோட்டீஸ். விளையாட்டு இல்ல. உடனே ஷாட்டை விட்டுட்டு விலகணும். அடிக்க வந்துருச்சுன்னா பக்கவாட்டுல வேகமா ஓட்டி அதோட போட்டி போடாதீங்க. துரத்துறது அதோட தொழில். நேரா மேல ஏத்தி அந்த இடத்தை விட்டு நகர்ந்து, தள்ளிப் போய் இறக்கிடுங்க. வேட்டைப் பறவை மேல இருந்து கீழ பாயிறதுல கெட்டி. நேர் மேல ஏறுறது அதுக்கு அவ்வளவு சுலபம் இல்ல. டிரோன் விடுற பல பேரோட அனுபவம் இதுதான்.

கடைசியா ஒண்ணு. பறவை அடிக்கிற வீடியோ உங்க கையில கிடைச்சா என்ன பண்றதுங்கிறது உங்க இஷ்டம். நான் எடுத்துட்டேன்கிறதால நீங்களும் எடுக்கணும்னு இல்ல. போடுறதா இருந்தா, அது ஒரு கூட்டுக்குப் பக்கத்துல நடந்ததுன்னா, அதையும் சேத்துச் சொல்லுங்க. என் வீடியோவுல நான் அதைச் சொல்லல. அந்தப் பதினோரு செகண்டுல காக்கா ரெண்டும் இல்லவே இல்ல.

அந்த அறுந்த இறகு இப்பவும் என் மேஜை மேலதான் இருக்கு. அதை அப்படி எடுத்து வச்சுக்கலாமான்னு நண்பன் கேக்குறான், அதுக்கும் சட்டம் இருக்குமேங்கிறான். விசாரிச்சுட்டு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.

கறிக்கடை அண்ணன் நேத்து சொன்னார், தென்னை உச்சியில பழைய கூட்டுக்குப் பக்கத்துல ஒரு ஜோடி வந்து உக்காந்து உக்காந்து போகுதாம். அதே ஜோடியான்னு கேட்டேன். "நீ மேல எதையும் விடாத. அதேதானான்னு நான் பாத்துச் சொல்றேன்"ன்னார்.

விடமாட்டேன்ணே.